அமைச்சரவையில் எங்கள் மாவட்டத்துக்கு ஏன் இடமில்லை? 35 பேர் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி இதுதான்: "முதலமைச்சர் நினைத்தால் எத்தனை பேரை வேண்டுமானாலும் அமைச்சர் ஆக்கலாமா? முப்பதுக்கு மேல் அமைச்சர்கள் இருந்தும் எங்கள் மாவட்டத்துக்கு ஒருவர்கூட இல்லை. இது சட்டப்படி சரியா?" எண்ணிக்கையைப் பற்றிக் கேட்பதுபோல் தொடங்கினாலும், எங்கள் ஊர்க் குறையை அமைச்சரவைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். தலைமைச் செயலகத்தில் கோப்புகளோடு பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தில் எழுதியிருப்பதையும், எழுதாமல் வழக்கத்தில் நடப்பதையும், நீதிமன்றத்திலேயே இன்னும் தெளிவாகாததையும் பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் 2021 மே மாதம் மு.க. ஸ்டாலின் தலைமையில் பதவியேற்ற தமிழக திமுக அமைச்சரவையை எடுத்துக்கொள்கிறேன். அதன் முதல் பட்டியலும் இடையில் நடந்த மாற்றங்களும் எல்லோரும் பார்த்தவை.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை பேரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாது. 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தம், அரசியலமைப்பின் 164ஆவது பிரிவில் (1ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. முதலமைச்சரையும் சேர்த்து, மொத்த அமைச்சர்கள் சட்டப்பேரவை உறுப்பினர் எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதேபோல 12க்குக் குறையவும் கூடாது. ஒன்றிய அரசுக்கு மக்களவை எண்ணிக்கையில் 15 சதவீதம், அது 75ஆவது பிரிவில் இருக்கிறது. அதற்கு முன்னால் இப்படி எந்த உச்சவரம்பும் கிடையாது. 1997ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் 93 அமைச்சர்களோடு ஆட்சி நடத்தினார். கட்சிகளை உடைத்துக்கொண்டு வந்து ஆதரவு கொடுத்தவர்களுக்கெல்லாம் பதவி கொடுக்க வேண்டியிருந்தது, அதனால்தான் அவ்வளவு பேர். அரசியலமைப்புச் செயல்பாட்டை ஆராய்ந்த வெங்கடாசலையா ஆணையம் 2002ல் 10 சதவீதம் போதும் என்று பரிந்துரைத்தது. கடைசியில் 15 என்று முடிவானது. இந்த 91ஆவது திருத்தம் இன்னொரு வேலையும் செய்தது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து கட்சியை உடைத்தால் பதவி போகாது என்று கட்சித்தாவல் சட்டத்தில் இருந்த விலக்கை நீக்கியது. கட்சி தாவிப் பதவி இழந்தவர் மறுபடி தேர்தலில் வெல்லும்வரை, அல்லது அவருடைய பதவிக்காலம் முடியும்வரை, அமைச்சராக முடியாது என்றும் சொன்னது. அதனால் இதை வெறும் சிக்கன நடவடிக்கையாகப் பார்ப்பது சரியில்லை. ஆட்களை விலைக்கு வாங்குவதற்கு அமைச்சர் பதவி நாணயமாகப் புழங்கியதை நிறுத்தத்தான் அது வந்தது.

தமிழ்நாட்டுக்குக் கணக்குப் போட்டால், 234ல் 15 சதவீதம் 35.1. ஆக முதலமைச்சரோடு சேர்த்து 35 பேர். 2021 மே 7 அன்று முதலமைச்சரும் 33 அமைச்சர்களும் பதவியேற்றார்கள், மொத்தம் 34. மீதியிருந்த ஒரு இடம் 2022 டிசம்பரில் உதயநிதி ஸ்டாலின் பதவியேற்றபோது நிரம்பியது. இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் 38, அமைச்சரவையில் அதிகபட்ச இடம் 35. ஆளுக்கொரு மாவட்டம் என்று ஒரு முதலமைச்சர் மனதார நினைத்தாலும் மூன்று மாவட்டங்கள் வெளியே நிற்கும். மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டே போகிறோம், பேரவையின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, அதனால் இந்த இடைவெளி கூடத்தான் செய்யும்.

இன்னின்னார் இருக்க வேண்டும் என்று அமைச்சரவையின் கலவையைப் பற்றி அரசியலமைப்பு ஏதாவது சொல்கிறதா என்றால், அநேகமாக எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் சொல்கிறது: சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் பழங்குடியினர் நலனுக்கென்று ஓர் அமைச்சர் இருக்க வேண்டும். மற்றபடி மாவட்டத்துக்கு இத்தனை, சமூகத்துக்கு இத்தனை, பெண்களுக்கு இத்தனை என்ற விதி எந்த மாநிலத்துக்கும் கிடையாது. 2023ல் வந்த மகளிர் இடஒதுக்கீட்டுத் திருத்தம்கூட மக்களவை, பேரவை இடங்களைப் பற்றியதுதான், அமைச்சரவையை அது தொடவில்லை. முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார், மற்ற அமைச்சர்களை முதலமைச்சரின் ஆலோசனைப்படி நியமிக்கிறார், அவ்வளவுதான் எழுத்தில் உள்ளது. குற்ற வழக்கு உள்ளவர்களை அமைச்சர் ஆக்கலாமா என்ற கேள்வி 2014ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முன் வந்தபோதுகூட, அதைப் பிரதமர், முதலமைச்சர்களின் மனசாட்சிக்கும் பொறுப்புக்கும் விட்டுவிட்டது நீதிமன்றம். ஆகவே உங்கள் மாவட்டத்துக்கு அமைச்சர் இல்லாதது சட்டமீறல் ஆகாது. வழக்குப் போட்டால் நிற்காது.

சட்டத்தில் இல்லை என்பதால் யாரும் இதைப் பார்ப்பதில்லை என்று அர்த்தமில்லை. எல்லா முதலமைச்சரும் வட்டாரம், சமூகம், மூப்பு, கட்சிக்குள் யார் பக்கம் யார் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். அந்தக் காரணங்கள் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை, அதனால் "இன்னாரை இதற்காகத்தான் எடுத்தார்கள்" என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பட்டியலைப் பார்த்து நாம் ஊகிக்கலாம், அவ்வளவுதான். 2021 முதல் பட்டியலில் விருதுநகர், தூத்துக்குடி, திண்டுக்கல், மதுரை, திருச்சி, விழுப்புரம், கடலூர், புதுக்கோட்டை, திருப்பூர் என்று ஒன்பது மாவட்டங்களுக்குத் தலா இரண்டு பேர். கோவைக்கு யாரும் இல்லை, சேலத்துக்கு இல்லை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்குக்கும் இல்லை. ஆனால் இந்த இல்லாமைகளை ஒரே மாதிரி நினைக்கக்கூடாது. கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அதிமுக கூட்டணி வென்றிருந்தது, அங்கிருந்து எடுக்க ஆளும் கட்சிக்கு ஆளே இல்லை. பேரவை உறுப்பினர் அல்லாத ஒருவரை அமைச்சராக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் அவர் உறுப்பினராக வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் விலகி, தேர்தலில் வெல்லாமலே திரும்பப் பதவியேற்கும் வித்தையை 2001ல் பஞ்சாப் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சேலத்தில் 11 தொகுதிகளில் ஆளும் அணிக்குக் கிடைத்தது ஒன்றுதான். அந்த ஒருவரான ராஜேந்திரன் 2024 செப்டம்பரில் சுற்றுலாத் துறை அமைச்சரானார். டெல்டா கதை வேறு. தஞ்சாவூர் மாவட்டத்தின் 8 தொகுதிகளில் 7ல் ஆளும் அணி வென்றது, அப்படியும் தொடக்கத்தில் ஓர் அமைச்சர் இல்லை. திருவாரூர் மாவட்டத்து மன்னார்குடியிலிருந்து டி.ஆர்.பி. ராஜா வர 2023 மே ஆனது. தஞ்சாவூர் மாவட்டத்தின் கோவி. செழியன் வர 2024 செப்டம்பர் ஆனது. காவிரி நீரை வைத்தே வாழும் ஒரு வட்டாரம் இரண்டு வருடம் அமைச்சரவைக் கூட்டத்தில் தன் ஆள் இல்லாமல் இருந்தது எனக்கு இன்றும் ஏற்க முடியாத விஷயம். உங்கள் மாவட்டம் கோவை மாதிரியா தஞ்சை மாதிரியா என்று முதலில் பாருங்கள். முதலாவது என்றால் அது தேர்தல் முடிவின் விளைவு. இரண்டாவது என்றால் கட்சியிடம் கேட்க உங்களுக்கு நியாயமான கேள்வி இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் இதைவிட வருத்தம். 2021ல் 34 பேரில் கீதா ஜீவன், கயல்விழி செல்வராஜ் என்று இரண்டே பெண்கள். ஒருவருக்குச் சமூக நலன், இன்னொருவருக்கு ஆதிதிராவிடர் நலன். நிதி, தொழில், வருவாய், பொதுப்பணி, உள்ளாட்சி எதிலும் பெண் இல்லை. 234 பேர் கொண்ட பேரவைக்கே 12 பெண்கள்தான் வந்தார்கள் என்பது ஒரு காரணம், அதனால் இதைச் சரிசெய்ய வேண்டியது வேட்பாளர் பட்டியல் போடும் இடத்தில்.

சரி, இத்தனை அமைச்சர்கள் தேவைதானா? 1967ல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் அவரையும் சேர்த்து 9 பேர். அப்போதும் தொகுதிகள் 234தான். 1954ல் காமராஜரின் முதல் அமைச்சரவையில் 8 பேர். இதைச் சொல்லி "அன்று ஒன்பது பேர் செய்ததை இன்று முப்பத்தைந்து பேர் செய்கிறார்கள்" என்று பகிர்வதை நிறையப் பார்க்கிறேன். அந்த ஒப்பீடு பாதிதான் சரி. 1967ல் கல்வியும் தொழிலும் நெடுஞ்செழியன் ஒருவரிடமே இருந்தன. 2021ல் பள்ளிக்கல்விக்கு ஒருவர், உயர்கல்விக்கு ஒருவர், தொழில்துறைக்கு ஒருவர், ஊரகத் தொழில்களுக்கு ஒருவர் என அதே பொறுப்பு நான்கு பேரிடம் போனது. பள்ளிக்கல்வியை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆசிரியர் நியமனம், மாறுதல், பாடநூல், அரசு உதவி பெறும் பள்ளிகள், அங்கீகாரம், நீதிமன்ற வழக்குகள் என்று கோப்புகள் வந்துகொண்டே இருக்கும். உயர்கல்வியையும் அவரே பார்க்க வேண்டும் என்றால் கோப்பைப் படிக்க நேரம் இருக்காது, செயலாளர் எழுதியதன் கீழ் கையெழுத்துப் போடுவதோடு முடிந்துவிடும். அமைச்சர் எண்ணிக்கையைக் குறைத்தால் அந்த அதிகாரம் மக்களிடம் திரும்பி வராது, அதிகாரிகளிடம்தான் போய்ச் சேரும், இதை அதிகாரிகள் பக்கம் இருந்து பார்த்தவனாகவே சொல்கிறேன். அதே சமயம் எல்லாப் பிரிப்பும் வேலைக்காக நடப்பதில்லை என்பதும் உண்மை. ஒரே துறையின் பொறுப்புகளை இரண்டு அமைச்சர்களுக்குக் கூறு போட்டால், ஒரு கோப்பு இரண்டு அறைகளுக்கும் போய்விட்டு நிதித்துறைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அதில் போகிற வாரங்களுக்குக் கணக்கு கிடையாது. என் கருத்தில் தமிழ்நாட்டுக்கு 25 முதல் 30 பேர் தாராளம். ஆனால் இது கருத்துதான், சட்டமோ ஆய்வோ இல்லை.

உச்சவரம்பில் யார் கணக்கில் வருவார், யார் வரமாட்டார் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. ஆளுநர் முன் பதவிப் பிரமாணமும் ரகசியக் காப்புப் பிரமாணமும் எடுத்து 164ஆவது பிரிவின்கீழ் அமைச்சரானவர் மட்டுமே கணக்கு. துணை முதலமைச்சர் என்ற பதவி அரசியலமைப்பில் இல்லை, அவரும் ஓர் அமைச்சராகத்தான் எண்ணப்படுவார். இலாகா இல்லாத அமைச்சரும் கணக்கில் உண்டு. 2023 ஜூனில் கைதான செந்தில் பாலாஜி 2024 பிப்ரவரியில் விலகும்வரை இலாகா இல்லாமலே அமைச்சராக நீடித்தார், அந்த மாதங்களில் 35ல் ஒரு இடம் அவருடையது. அரசுத் தலைமைக் கொறடா, வாரியத் தலைவர்கள், ஆலோசகர்கள் போன்றவர்களுக்கு அமைச்சருக்கு இணையான தகுதி கொடுத்தாலும் அவர்கள் அமைச்சர்கள் ஆகமாட்டார்கள், கணக்கிலும் வரமாட்டார்கள். முன்னே சொன்ன கோவி. செழியன் 2021ல் கொறடா, 2024ல்தான் அமைச்சர். இந்த ஓட்டையைப் பயன்படுத்தி சில மாநிலங்கள் பாராளுமன்றச் செயலாளர் என்ற பெயரில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அறையும் காரும் கொடுத்துப் பார்த்தன. அசாம் மாநிலத்தின் அப்படிப்பட்ட சட்டத்தை 2017ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் இமாச்சல் உயர் நீதிமன்றமும் ஆறு பேரின் நியமனத்தை ரத்து செய்தது.

இனித் தெளிவில்லாத இடங்கள். ஒன்று, பின்னக் கணக்கு. நமக்கு 35.1 என்பதால் சிக்கல் இல்லை. ஹரியானாவிலும் சத்தீஸ்கரிலும் பேரவை 90 பேர் கொண்டது, 15 சதவீதம் என்றால் 13.5. இரண்டு மாநிலங்களும் 14 பேரை வைத்துப் பார்த்திருக்கின்றன, அது வழக்காகவும் போயிருக்கிறது. "தாண்டக்கூடாது" என்று எழுதியிருக்கும்போது 14 என்பது 13.5ஐத் தாண்டுகிறது, ஆகவே 13தான் சரி என்பது என் வாசிப்பு. எதிர்த்தரப்பு வாதமும் நீதிமன்றங்களில் வைக்கப்பட்டுத்தான் வருகிறது.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. எல்லோரும் மேல்வரம்பையே பேசுகிறார்கள், கீழ்வரம்பை யாரும் கவனிப்பதில்லை. 12க்குக் குறையக்கூடாது என்று இருக்கிறதே தவிர, பதவியேற்ற எத்தனை நாளுக்குள் அந்த 12 பேர் வந்தாக வேண்டும் என்று இல்லை. அதன் விளைவைப் பாருங்கள். தெலங்கானாவில் கே. சந்திரசேகர ராவ் 2018 டிசம்பர் 13 முதல் 2019 பிப்ரவரி 19 வரை ஒரே ஓர் அமைச்சரோடு ஆட்சி நடத்தினார். கர்நாடகத்தில் எடியூரப்பா 2019 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 20 வரை தனி ஆள். மகாராஷ்டிரத்தில் ஏக்நாத் ஷிண்டேவும் தேவேந்திர பட்னாவிசும் 2022 ஜூன் 30 முதல் ஆகஸ்ட் 9 வரை இரண்டே பேர். மோசமானது மத்தியப் பிரதேசம். 2020 மார்ச் 23 அன்று சிவராஜ் சிங் சவுகான் பதவியேற்றார், அடுத்த நாள் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது, ஏப்ரல் 21 வரை அந்த மாநிலத்தில் சுகாதார அமைச்சர் என்று ஒருவரே கிடையாது. அன்றைக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஜூலை 2ஆம் தேதி இன்னும் 28 பேர் சேர்ந்து 34 ஆனது. 230 பேர் கொண்ட பேரவைக்கு அதுதான் உச்சவரம்பு. மூன்று மாதத்துக்கு மேல் குறைந்தபட்சத்துக்குக் கீழே, பிறகு ஒரே நாளில் அதிகபட்சம். நான்கு இடங்களிலும் தாமதத்துக்குக் காரணம் யாருக்கு என்ன கொடுப்பது என்ற பேரம்தான் என்பது என் ஊகம். அமைச்சரவை என்பது கூட்டுப் பொறுப்பு, ஒருவரோ இருவரோ உட்கார்ந்து எடுக்கும் முடிவை அமைச்சரவை முடிவு என்று எப்படிச் சொல்வது? தமிழ்நாட்டில் முதலமைச்சரும் அமைச்சர்களும் 2021ல் நடந்ததுபோல ஒரே மேடையில் ஒரே நாளில் பதவியேற்பது வழக்கம், அந்த வழக்கத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அதன் அருமை மத்தியப் பிரதேசத்தைப் பார்த்தால்தான் தெரியும். 12 பேர் என்ற வரியோடு "30 நாளுக்குள்" என்று சேர்த்துவிட்டால் போதும், இந்தக் கூத்து நின்றுவிடும்.

அப்புறம், பட்டியல் வந்ததும் பெயர்களையும் படங்களையும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். ஆளுநர் மாளிகை வெளியிடும் குறிப்பில் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் இருக்கும், அதில் அவருக்கு ஒதுக்கிய பொருள்கள் வரிசையாக இருக்கும். உண்மையான அமைச்சரவை அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. 2021ல் முதலமைச்சரின் கட்டத்தில் பொது நிர்வாகம், இந்திய ஆட்சிப் பணி, இந்தியக் காவல் பணி, மாவட்ட வருவாய் அலுவலர்கள், காவல், உள்துறை, மாற்றுத்திறனாளிகள் நலன் எல்லாம் இருந்தன. அதாவது எந்த மாவட்டத்துக்கு யார் ஆட்சியர், யார் கண்காணிப்பாளர் என்ற அதிகாரம் முழுக்க அவரிடம். துரைமுருகன் பெயருக்கு நேரே பாசனமும் கனிமங்களும் மட்டுமில்லை, சட்டமன்றம், தேர்தல்கள், கடவுச்சீட்டு என்றும் இருந்தது. பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளம் தனியாகப் பிரிந்ததும் அப்போதுதான். கட்டடங்களும் நெடுஞ்சாலைகளும் எ.வ. வேலுவிடம் போயின. தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இணை அமைச்சர் என்ற படிநிலை இல்லை, எல்லோரும் முழு அமைச்சர்கள்தான், அதனால் யார் பெரியவர் என்பதைப் பதவிப் பெயர் காட்டாது, பட்டியலில் பெயர் வரும் வரிசையும் இந்தக் கட்டமும்தான் காட்டும்.

உங்கள் மாவட்டத்துக்கு நடைமுறையில் என்ன வழி? அமைச்சர் இல்லாத மாவட்டங்களுக்குப் பொறுப்பு அமைச்சர் என்று வேறு மாவட்டத்துக்காரர் ஒருவரை நியமிப்பது உண்டு. கோவைக்குக் கரூரைச் சேர்ந்த செந்தில் பாலாஜி அப்படித்தான் இருந்தார். அது நிர்வாக ஏற்பாடு, அரசியலமைப்புப் பதவி இல்லை. ஆய்வுக் கூட்டம் நடத்தி அதிகாரிகளை அவரால் முடுக்கிவிட முடியும், ஆனால் அவரிடம் இல்லாத துறையின் கோப்பில் அவர் உத்தரவு போட முடியாது. இதனால்தான் உள்ளூர்க்காரர் ஒருவர் அமைச்சராக இருப்பதைவிட, உங்கள் பிரச்சினைக்குரிய பொருள் யாருடைய கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது அதிகம் உதவும் என்று சொல்வேன். ஏரி தூர்வாரவில்லை என்றால் நீர்வளம், அரசுக் கல்லூரியில் ஆசிரியர் இல்லை என்றால் உயர்கல்வி. உங்கள் சட்டமன்ற உறுப்பினர் எதிர்க்கட்சியாக இருந்தாலும் அந்தத் துறைக்கான நிதிக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், கேள்வி நேரத்துக்கு வினா கொடுக்கலாம், அமைச்சர் அவையிலேயே பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் அவைக்குறிப்பில் ஏறும். பேரவையின் மனுக்கள் குழுவும் மாவட்டங்களுக்கு வருகிறது. அதற்கு மனு கொடுக்கும்போது "எங்கள் மாவட்டத்துக்கு அமைச்சர் இல்லை" என்று எழுதாமல், ஏரியின் பெயர், கிராமம், எந்த ஆண்டு என்ன வேலைக்கு ஒப்புதல் கிடைத்து எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். அப்படி வந்த மனுக்களுக்குத்தான் துறையிலிருந்து விவரம் கேட்டு எழுத முடியும்.